அல்சர் மாத்திரை

நான் மருந்து கொடுத்துவந்த ஜன்னலை அடைத்துவிட்டார்கள். ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் அந்த மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றேன். இப்போது அந்த இடத்தில் ஒரு சின்ன அறை கட்டுகிறார்கள். ஒருவர் உள்ளே போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை வாங்கலாம். ஓய்வு பெறும் முன் நிர்வாகத்துக்கு நான் எழுதிய கடைசிக் கடிதம் அந்த அறையைக் கேட்டுத்தான்.

என் வேலைக்கு வந்திருக்கும் ஃபர்ஹானா போன வாரம் போன் செய்தாள். "மாத்திரை குடுக்கறதுக்கு எதுக்கு சார் கதவு? எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க" என்றாள்.

ஒரு வரியில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் ஊர் கணியம்பாடிப் பக்கம். பார்மசி டிப்ளமா முடித்ததும் வேலூர் லாங் பஜாரில் ஒரு மொத்த மருந்துக் கடையில் மூன்று வருடம் பெட்டி பிரித்தேன். மருந்துகளின் பெயரை அங்கே கற்றுக்கொண்டேன். அவற்றைச் சாப்பிடுகிறவர்களை அங்கே பார்த்ததில்லை. ஆம்பூருக்கு வந்த பிறகுதான் அவர்கள் ஜன்னலில் வந்து நின்றார்கள். தோல் தொழிற்சாலை ஆட்கள், ஷூ ஃபேக்டரிப் பெண்கள், சுற்றுக் கிராமத்து விவசாயக் கூலிகள். காய்ச்சல், இருமல், சர்க்கரை, பிரஷர். மனநலப் பிரிவு என்று ஒன்று பல வருடம் எங்களிடம் இல்லை.

டாக்டர் பத்மா வந்த பிறகுதான் அது வந்தது. செவ்வாயும் வெள்ளியும் வேலூரிலிருந்து காலை ரயிலில் வருவார். உயரம் குறைவு. குரலும் குறைவு. நோயாளியிடம் பேசும்போது எழுதிக்கொண்டே இருப்பார். முக்கியமான கேள்வி வரும்போது மட்டும் பேனாவை மூடி மேசைமேல் வைப்பார். பிறகு நேராகப் பார்த்துக் கேட்பார். "உயிரோட இருக்கறதே வேணாம்னு தோணுதா?" இப்படி வெளிப்படையாகக் கேட்கலாமா, கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா என்று நர்சுகள் பயந்தார்கள். "கேட்டா வராது. கேக்காம விட்டாத்தான் தனியா வச்சிட்டு இருப்பாங்க" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு அழுதுகொண்டே வெளியே வந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். பாரத்தை இறக்கி வைத்த முகமாகத்தான் இருக்கும்.

வந்த முதல் நாளே அவர் என் ஜன்னலுக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் கையாலேயே எழுதிய சீட்டை நீட்டினார். "நான்தான் பேஷன்ட். எனக்குக் குடுங்க" என்றார். நான் மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டேன். மேலே சூரியன் படம், நிலா படம் போட்டுக் கோடிட்டுத் தள்ளினேன். படிக்காதவர்களுக்கு அப்படித்தான் போடுவது.

"அவ்வளவுதானா?"

"காலைல அரை, நைட்டு ஒண்ணு. அவ்வளவுதான் டாக்டர்."

அவர் ஒரு துண்டுத் தாளில் மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்தார். டிப்ரெஷன் மாத்திரை வாங்கும் ஒவ்வொருவரிடமும் இவற்றைச் சொல்லாமல் கவரைக் கொடுக்கக்கூடாது என்றார். முதலாவது, இது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், இன்று சாப்பிட்டால் நாளைக்குத் தெரியாது. அடுத்தது, முதல் வாரம் வயிறு பிரட்டலாம், தலை வலிக்கலாம், படபடப்பாக இருக்கலாம், ஜாஸ்தியானால் உடனே வாருங்கள். கடைசியாக, நன்றாக ஆகிவிட்டோம் என்று நீங்களாக நிறுத்தக்கூடாது.

இன்னொரு விதியும் இருந்தது. புதிதாக வருபவர்களுக்கு முதல் இரண்டு மாதம் ஒரு வாரத்து மாத்திரைதான். அதையும் கூட வந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். "மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்போது சில பேருக்கு மனசு சரியாகறதுக்கு முன்னாடியே உடம்புக்குத் தெம்பு வந்துடும். அந்த நாட்கள்ல வீட்ல ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்த மூன்று வாக்கியங்களை நான் ஒரு நாளும் விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் இந்தக் கதையில் கெடுதல் செய்தது.

எஸ்தர் ஷூ ஃபேக்டரியில் செக்கர். பெல்ட்டில் வரும் ஷூவைக் கையில் எடுத்து, தையல் நேராக இருக்கிறதா, பசை வெளியே தெரிகிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று ஒதுக்க வேண்டும். ஒரு ஜோடிக்குச் சில நொடிகள்தான். பதினொரு வருடமாக அந்த வேலை. கணவர் டேவிட் லாரி டிரைவர். தோல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். வீட்டில் டேவிட்டின் அக்கா கிரேஸ், அவள் மகள், எஸ்தரின் இரண்டு பிள்ளைகள்.

எஸ்தர் முதலில் வந்தது வயிற்றெரிச்சலுக்கு. பொது மருத்துவர் அல்சராக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். என் ஜன்னலில்தான் வாங்கிப் போனாள். இரண்டு மாதம் சாப்பிட்டும் கேட்கவில்லை. குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் ஒன்றும் இல்லை. அதற்குள் அவள் உடம்பு பாதியாகிவிட்டது. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், சாப்பாடு மண் மாதிரி இருக்கும். அப்போதுதான் அவளை டாக்டர் பத்மாவிடம் அனுப்பினார்கள்.

நோய் எப்படி வந்தது என்பதை, தேறிய பிறகு அவளே ஒரு நாள் ஜன்னலில் நின்று சொன்னாள். "எனக்குத் துக்கம்லாம் ஒண்ணும் இல்ல சார். யாரும் சாவல, சண்டை இல்ல. ஒரு நாளு ஒரு ஜோடிய கையில எடுத்தேன். நல்லா இருக்கா, இல்லையா, சொல்லத் தெரியல. திருப்பித் திருப்பிப் பாக்கறேன். பின்னாடி பெல்ட்டு நெறஞ்சி போச்சி. சூப்பர்வைசர் கத்தறாரு. நான் அதையே வச்சிட்டு நிக்கறேன். அப்புறம் வீட்லயும் அப்படித்தான். எந்தப் புடவை கட்டறது, சாம்பாரா ரசமா, ஒண்ணுத்துக்கும் பதில் வராது. இதுக்குக்கூட லாயக்கில்லாம எதுக்கு இருக்கணும்னு தோணும்."

மனச்சோர்வு என்றால் சோகம், கொஞ்சம் தைரியம் சொன்னால் போய்விடும் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். ஒரு ஜோடி ஷூவைக் கீழே வைக்க முடியாமல் நின்றவளிடம் தைரியம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதல் வாரம் டேவிட் ஜன்னலில் வந்து சத்தம் போட்டார். "இன்னா சார், ஏழு நாளாச்சி, ஒண்ணும் காணோம். வாந்தி வர்ற மாதிரி இருக்குதுன்னு வேற சொல்றா. பேஜாரா இருக்குது." நான் முதல் இரண்டு வாக்கியங்களைத் திரும்பச் சொன்னேன். மூன்றாவது வாரம் தூக்கம் திரும்பியது. ஐந்தாவது வாரம் டீ வேண்டும் என்று அவளே கேட்டாளாம். டேவிட் அதைச் சொல்லும்போது சிரித்தார்.

மாத்திரை மட்டும் இல்லை. எங்களிடம் விமலா என்று ஒரு சமூகப் பணியாளர் இருந்தாள். கல்லூரி முடித்து வந்த பெண். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். எஸ்தருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, தினமும் செய்ய வேண்டிய இரண்டே வேலைகளை எழுதச் சொன்னாள். முகம் கழுவி வாசல் வரை வருவது. மறுவாரம் தெரு முனை வரை நடப்பது. அதற்கடுத்த வாரம் ஒரு வேளை சமையல். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்துகொண்டே மனசுக்குக் காத்திருக்க வேண்டும் என்பாள். மாதம் இரண்டு முறை வீட்டுக்கும் போய்ப் பார்ப்பாள். மூன்றாவது மாதம் எஸ்தர் மறுபடி பெல்ட்டுக்கு முன்னால் நின்றாள்.

வீட்டில் டேவிட்டுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். கிரேஸுக்கு அது இன்னமும் அல்சர்தான். எஸ்தர் கேட்டுக்கொண்டதால் விமலா அதைக் கோப்பில் எழுதி வைத்தாள். என்னிடமும் வந்து சொன்னாள். நான் அப்போது மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, எஸ்தர் வீட்ல வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. நாத்தனார் வந்தா அல்சர் மாத்திரைன்னே இருக்கட்டும். மறந்துடாதீங்க."

"சரிம்மா" என்றேன். எண்ணிக்கை தவறிவிடக்கூடாது என்பதில்தான் என் கவனம் இருந்தது. ஆனால் அவள் சொன்னது காதில் விழுந்தது. அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

ஆறாவது மாதம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜன்னலில் பெரிய கூட்டம். டேவிட் லாரியோடு போயிருந்தார், எஸ்தருக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. கிரேஸ் பழைய கவரோடு வந்து நின்றாள்.

"எஸ்தர் மாத்திரை சார். அல்சருக்கு."

"அல்சரா? யார் சொன்னது?" என்றேன். "இது வயித்துக்கு இல்லம்மா, மனசு வியாதிக்கு. டிப்ரெஷன் மாத்திரை. நல்லாயிட்டேன்னு அவங்களா நிறுத்திடக் கூடாது. நீங்களும் பாத்துக்கங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். கூட்டத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாமல் சொன்ன திருப்தி வேறு.  கிரேஸுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கவரை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். அவள் படி இறங்கும்போதுதான் விமலா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். அடுத்த ஆள் சீட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

கிரேஸைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவள் மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் மனசு வியாதி இருக்கிறது என்று தெருவில் பேசினால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டாள். ஜெபம் பண்ணினால் போதும், இதெல்லாம் சாப்பிட்டால் பழகிப்போய்விடும் என்றாள். எஸ்தர் எதிர்த்துப் பேசவில்லை. அவளும் நன்றாகத்தானே இருந்தாள்! திடீரென்று நிறுத்தியதில் முதல் வாரம் தலைசுற்றல், எரிச்சல். பிறகு தூக்கம் போனது. டேவிட் திரும்பி வந்தபோது அவள் படுத்த இடத்திலிருந்து எழவில்லை. மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள், ஆனால் அவள் விழுங்கவில்லை. தண்ணீரும் இறங்கவில்லை, பேச்சும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை டேவிட் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். டாக்டர் பத்மா பேனாவை மூடி வைத்துக் கேட்ட கேள்விக்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆம் என்று.

அன்றே வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்க அவள் உடம்பில் நேரமில்லை என்று ஷாக் என்று ஊரில் சொல்லும் மின்சிகிச்சை கொடுக்க முடிவு செய்தார்கள். டேவிட் கையெழுத்துப் போடப் பயந்தாராம். பிறகு அவரே வந்து என்னிடம் சொன்னார். "சினிமால காட்டற மாதிரி இல்ல சார். மயக்க ஊசி போட்டுத் தூங்க வச்சிட்டுத்தான் பண்றாங்க. கொஞ்ச நேரத்துல வெளிய கூட்டியாந்துடறாங்க. நாலாவது தடவைக்கு அப்புறம் தண்ணி கேட்டா சார். தண்ணின்னு வாயைத் தொறந்து கேட்டா." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு என்மேல் சந்தேகமே இல்லை.

அவருக்குத் தெரிந்தது, அக்காவிடம் ஆஸ்பத்திரி ஆள் யாரோ சொல்லிவிட்டார்கள் என்பது மட்டும்தான். அதை டாக்டரிடம் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்புதான் விமலா அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். எல்லோரும் அவள்தான் என்று நினைத்தார்கள்.

டாக்டர் பத்மா எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் எஸ்தரின் கோப்பு திறந்து கிடந்தது.

"நான் சொல்லல டாக்டர்" என்றாள் விமலா. "வீட்ல நான் வயித்தைப் பத்தித்தான் பேசினேன். பார்மசிலயும் முன்னாடியே சொல்லி வச்சேன். அண்ணாகிட்ட சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "தணிகாசலம், உங்ககிட்ட சொன்னாங்களா?"

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கோப்பின் தாள்கள் படபடத்தன. என் மகள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. வேலை போய்விடுமோ என்று பயந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. வேலை போயிருக்காது. அத்தனை வருடம் தவறே செய்யாத ஆள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது போய்விடும் என்றுதான் பயந்தேன்.

"ஞாபகம் இல்ல டாக்டர்" என்றேன்.

விமலா என் பக்கம் திரும்பினாள். கோபப்படவில்லை. ஒருவேளை தான்தான் சொல்ல மறந்துவிட்டோமோ என்று யோசிக்கிற முகமாக இருந்தது. அது இன்னும் கஷ்டம்.

அதன்பின் அவளை வீடுகளுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அவளிடம் நோட்டு எழுதிவந்த நோயாளிகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். சில மாதத்தில் அவளும் வேலையை விட்டுவிட்டுக் காட்பாடியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கிளம்பும் அன்று ஜன்னலுக்கு வந்து, "வர்றேண்ணா" என்றாள். நான் மாத்திரை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எஸ்தர் தேறினாள். ஆனால் செக்கர் வேலை போய்விட்டது. வேறொரு ஃபேக்டரியில் நூல் வெட்டும் வேலை கிடைத்தது. புதிதாகச் சேரும் பெண்களுக்குக் கொடுக்கும் வேலை அது. மருத்துவமனையில் இருந்த வாரங்களில் பாதி அவளுக்கு ஞாபகமில்லை. இரண்டாம் முறை வந்ததால் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதாமாதம் என் ஜன்னலுக்கே வந்தாள். நானும் குரலைத் தாழ்த்தி, கவரைத் திருப்பி வைத்துக் கொடுத்துவந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு நாள் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. இனிமேலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எஸ்தர், உங்க நாத்தனார்கிட்ட அன்னிக்குச் சொன்னது விமலா இல்ல. நான்தான்."

"தெரியும் சார்" என்றாள்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"அன்னிக்கே தெரியும். ஜன்னல்ல இருக்கற கண்ணாடிக்காரரு சொன்னாருன்னு அக்கா வந்து என்கிட்ட கத்தினாங்களே. அவரு ஊர்லேர்ந்து வந்தப்போ ஆஸ்பத்திரில சொன்னாங்கன்னு மட்டும் சொல்லிட்டாங்க. நான் தேறி எழுந்து வந்தப்போ விமலா மேடம் வேலைய விட்டே போயிட்டாங்க."

"டாக்டர்கிட்ட சொல்லி இருக்கலாமே?"

அவள் கவரைப் பைக்குள் வைத்தாள். "மாசா மாசம் மாத்திரை குடுக்கறவரு நீங்க. உங்களைப் பகைச்சிக்கிட்டு நான் எங்க சார் போய் நிக்கறது?"

இத்தனை வருடமாக அவள் என் முன்னால் பொறுமையாக நின்றதை நான் மன்னிப்பு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். அது பயம்.

என் கடைசி வெள்ளிக்கிழமை டாக்டர் பத்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது அவருக்கு. பேனாவை மூடினார். 

"விமலாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்திருக்கீங்க?"

ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுக் காட்பாடிக்குப் போனேன். பள்ளி விட்டிருந்தது. அலுவலகத்தில் விமலா சேர்க்கைப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. ஜன்னலில் நான் சொன்னது, அறையில் நான் சொன்னது, இரண்டையும் அப்படியே சொன்னேன்.  அவள் கையில் இருந்த படிவங்களை விளிம்பு சேர்த்து வைத்தபடியே முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா நான்தான் மறந்துட்டேன்னு நம்பிட்டு இருந்தேன் சார்" என்றாள் கடைசியில். "இப்படி ஒரு விஷயத்தையே மறக்கறவ எதுக்கு அந்த வேலைக்குன்னுதான் விட்டேன்."

 மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்பதும் அவளிடமிருந்து இன்னொன்றை வாங்கிக்கொள்வது போலத் தோன்றியது. கேட்கவில்லை.

"எஸ்தர் இப்ப மாத்திரை சாப்புடறாங்களா?"

"சாப்புடறாங்க. விடாம."

"தூக்கம்?"

"கேட்டதில்ல."

"கேக்கணும் சார். அவங்களுக்கு முதல்ல தூக்கம்தான் கெடும். விடிகாலைல முழிச்சிப்பாங்க. அப்படி நாலு நாள் இருந்தா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம வந்துடணும். ரெண்டு தடவையும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

"நான் ரிடையர் ஆயிட்டேன் விமலா."

"அங்க இப்ப இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். படிவக் கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நான் வெளியே வருவதற்காக விளக்கின் சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தாள்.

மறுநாள் காலை ஆம்பூர் பஸ்ஸில் ஏறினேன். ஃபர்ஹானாவிடம் எஸ்தரின் பெயரைச் சொல்லி, தூக்கத்தைப் பற்றி மெதுவாகக் கேள் என்றேன். யார் சொன்னது என்று கோப்பில் எழுத வேண்டும் என்றாள். விமலா என்று எழுதச் சொன்னேன்.